குழந்தைப் பால்மாவு: தூய்மையும் தட்டுப்பாடும்

தாய்ப்பால் கிடைக்கப்பெறாத சிசுவுக்கு முதல் ஆறு மாதங்கள் பால்மாவே அன்னமும் தண்ணீருமாக இருக்கிறது. அரிசி தட்டுப்பாடான வாரத்தில் கோதுமையைக் கொண்டும் கேழ்வரகைக் கொண்டும் பெரியவர்கள் காலந்தள்ளிவிடுவார்கள். நான்கு மாதக் குழந்தையோ அத்தகைய சமாளிப்பு எதையும் அறியாது, வேளை தவறினால் வீரிட்டழுது தன் பங்கைக் கேட்கும். ஆகையால் இந்தப் பண்டத்தைக் கொள்முதல் செய்யும் அதிகாரிகளும், இருப்பு வைக்கும் மருத்துவமனைப் பண்டகசாலைக்காரர்களும், விற்கும் மருந்துக்கடைக்காரர்களும் இரண்டு கவலைகளைச் சுமக்கிறார்கள்: டப்பாவுக்குள் இருப்பது சுத்தமானதா என்பது ஒன்று, அடுத்த மாதமும் டப்பா கிடைக்குமா என்பது மற்றொன்று. முன்னதை உணவுப் பாதுகாப்பு இலாகாவும் பின்னதை வழங்கல் இலாகாவும் தனித்தனியே வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்து வருகிறது. எங்கள் அபிப்பிராயத்தில் இவை இரண்டும் ஒரே கவலைதான். ஓர் ஆலையை மூடினால் நாட்டுக் குழந்தைகள் பட்டினி கிடக்க நேரிடும் என்ற நிலைமை இருக்குமானால், அந்த ஆலையில் குற்றம் காணச் செல்லும் பரிசோதகரின் கை தானாகவே தளர்ந்துவிடும். ஈடுகட்ட வேறு ஆலை ஆயத்தமாக இருக்கும் இடத்தில்தான், சந்தேகம் தோன்றிய அன்றே கதவை அடைக்கும் துணிச்சல் பிறக்கும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் யோசனைகள் யாவும் இந்த ஒரு கருத்தையே ஆதாரமாகக் கொண்டவை.

ஸ்டர்ஜிஸ் ஆலை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் அபாட் கம்பெனிக்கு ஒரு பால்மாவு ஆலை இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுப் பால்மாவு வியாபாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு அபாட்டின் கையில் இருந்தது. அதையும் சேர்த்து நான்கு கம்பெனிகள் நூற்றுக்கு 90 பங்கை அடக்கியிருந்தன. நாட்டின் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஓர் ஆலையிலிருந்தே வந்துகொண்டிருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2021 செப்டம்பரில் உணவு மருந்து நிர்வாகத்தின் பரிசோதகர்கள் அங்கே சென்று, கை கழுவும் ஒழுங்கிலும் கட்டடச் சுத்தத்திலும் குறைகளைக் குறித்துக்கொண்டு திரும்பினார்கள். அதே மாதத்தில் குரோனோபேக்டர் என்னும் கிருமியால் பீடிக்கப்பட்ட ஒரு குழந்தையைப் பற்றிய முதல் தகவலும் வந்தது. அக்டோபரில், ஆலையில் முன்பு வேலை பார்த்த ஒருவர் நீண்டதொரு புகாரை நிர்வாகத்துக்கு அனுப்பினார். உயர் அதிகாரிகளின் பெயருக்கு அனுப்பப்பட்ட பிரதிகள் தபால் அறைக் குளறுபடியால் மாதக்கணக்கில் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை என்பதைப் பிற்பாடு அந்த நிர்வாகமே ஒப்புக்கொண்டது. புகார் எழுதியவரை விசாரித்தது டிசம்பரில். மறுபடி ஆலைக்குள் காலெடுத்து வைத்தது 2022 ஜனவரி 31-ஆம் தேதி. பிப்ரவரி 17 அன்று சிமிலாக், அலிமெண்டம், எலிகேர் ஆகிய மாவுகளில் பல தொகுதிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துக்கொள்ள, ஆலையும் நின்றது. நான்கு குழந்தைகள் நோயுற்றதாகவும் அவர்களுள் இருவர் இறந்ததாகவும் பின்னர் பதிவாயிற்று. ஆலைக்குள் அக்கிருமி அகப்பட்டது மெய்; பரிசோதிக்கக் கிடைத்த இரண்டு நோயாளிகளின் கிருமிகளோ மரபணு வரிசையில் அதனோடு பொருந்தவில்லை. ஆகவே ஆலைதான் காரணம் என்று முடிவாகச் சொல்லவும் இயலவில்லை, அல்லவென்று சொல்லவும் இயலவில்லை.

அதற்குப் பின் நிகழ்ந்தது உலகறிந்தது. மே மாதத்தில் செல்வமும் விஞ்ஞானமும் மலிந்த ஒரு தேசத்தில், தாய்மார்கள் கடைகடையாக ஏறி இறங்கி வெறும் அலமாரிகளைக் கண்டு திரும்பினார்கள். மே 16-இல் ஆலையைச் சீர்திருத்தித் திறப்பதற்கான நீதிமன்ற உடன்படிக்கை ஏற்பட்டது. 18-இல் ஜனாதிபதி பைடன், யுத்தகாலத் தேவைகளுக்கென இயற்றப்பட்ட பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைப் பால்மாவின் பொருட்டுப் பிரயோகித்தார். 22-இல் ஜெர்மனியிலுள்ள ராம்ஸ்டைன் தளத்திலிருந்து ராணுவ விமானம் ஒன்று முப்பது டன்னுக்கு மேற்பட்ட மாவைச் சுமந்துகொண்டு இண்டியானாபோலிஸ் நகரில் இறங்கியது. ஜூன் 4-இல் ஸ்டர்ஜிஸ் ஆலை திறந்தது. பத்து நாள் ஆவதற்குள் பெருமழை பெய்து வெள்ளம் உள்ளே புக, மறுபடியும் மூடினார்கள். ஜூலை 1-இல்தான் மீண்டும் எந்திரம் ஓடியது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட மழை எப்போதாவது ஒருநாள் பெய்தே தீரும்.

இந்தக் குவிப்பு யாரோ சிலருடைய பேராசையால் மட்டும் விளைந்தது என்று சொல்லிவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். உண்மை அவ்வளவு சுலபமானதன்று. ஏழைத் தாய்மாருக்கும் சிசுக்களுக்கும் ஆகாரம் அளிக்கும் விக் என்னும் அரசாங்கத் திட்டத்தின் வழியாகவே அந்நாட்டுப் பால்மாவில் ஏறத்தாழ பாதி செலவாகிறது. ஒவ்வொரு மாநிலமும் ஒரே கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். அந்தக் கம்பெனி விலையில் பெரும்பகுதியைத் திட்டத்துக்கே தள்ளுபடியாகத் திருப்பித் தந்துவிடும். அந்தப் பணத்தால் மேலும் பல லட்சம் தாய்மார்கள் பயனடைவார்கள். 1989-இல் சட்டமாகவே வந்த இந்த ஏற்பாட்டைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் மாநிலத்தில் வென்ற கம்பெனியின் டப்பாவுக்கே கடைக்காரன் அலமாரியில் இடம் கொடுக்க, டாக்டரும் அதையே எழுதிக்கொடுக்க, மற்றக் கம்பெனிகள் அந்த மாநிலத்தில் தேய்ந்து போயின. அயல்நாட்டு மாவுக்கு நூற்றுக்கு 17.5 வரையிலான தீர்வையும், சீட்டு ஒட்டுதல் முதலான விதிகளின் சிக்கலும் சேர்ந்து இறக்குமதியை நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் நிறுத்தி வைத்திருந்தன. சிக்கனத்துக்காகச் செய்த காரியமும் ஜாக்கிரதைக்காகச் செய்த காரியமும் கூடி, ஓர் ஊரிலுள்ள சில உலர்த்துக் கோபுரங்களின் மேல் ஒரு தேசத்தின் தொட்டில்களை ஏற்றி வைத்துவிட்டன.

உலர்ந்த மாவும் ஈரமும்

கொள்முதல் செய்பவர் எந்திர நுட்பம் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆலையில் அபாயம் எந்த இடத்தில் நுழைகிறது என்பதையாவது அறிந்திராவிட்டால், விற்பனையாளர் நீட்டும் சான்றிதழ்களைப் படித்துப் பார்த்துத் தலையசைப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இராது. பாலும் எண்ணெயும் சர்க்கரைச் சத்தும் வைட்டமின்களும் நீரில் கலந்து சூடாக்கப்படுகின்றன. அந்தச் சூட்டில் கிருமிகள் மடிகின்றன. பின்னர் அந்தக் கலவை சுண்டக் காய்ச்சப்பட்டு, உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து பனித்துளிபோல் தூவப்பட்டு, சுடுகாற்றில் உலர்ந்து மாவாக விழுகிறது. அது விழுந்த கணத்திலிருந்து டப்பாவை அடைத்து முத்திரையிடும் வரையில், கிருமியைக் கொல்லும் படி வேறொன்றும் இல்லை. ஆகையால்தான் பால்மாவை முற்றிலும் கிருமியற்ற பண்டமாக எவரும் விற்க முடிவதில்லை. அந்த நிலை, அடைத்தபின் சூட்டால் சுத்திகரிக்கப்பட்டு அப்படியே ஊட்டுவதற்கென வரும் திரவப் பாலுக்கே உரியது.

உலர்ந்த பகுதியில் பகை ஒன்றே, அது தண்ணீர். குரோனோபேக்டர் உலர்ந்த மாவில் பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் தூங்கிக்கொண்டிருக்கும். கூரையில் வியர்த்துச் சொட்டும் ஒரு துளி நீர், ஈரத் துடைப்பத்தால் துடைத்த தரை, கோபுரத்தின் உட்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு விரிசலில் தங்கிய ஈரம், இவற்றில் ஏதாவது ஒன்று அதற்குப் போதும். ஸ்டர்ஜிஸ் ஆலையில் 2022-இல் பரிசோதகர்கள் எழுதிய குறைகளில் இந்த விரிசல்களும் பள்ளங்களும் உலர்த்து எந்திரத்தின் உட்புறத்தில் இருந்ததையே முதன்மையாகக் குறித்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளையும் குறைமாதத்தில் பிறந்தவர்களையும் இக்கிருமி பிடித்தால் இரத்தத்தில் நஞ்சேறும், மூளையுறை வீங்கும், பிடிபட்டவர்களில் பத்தில் நால்வர் வரைகூட இறந்துபோகக் கூடும். நோய் அபூர்வமானது என்பது உண்மை. அபூர்வமாக இருப்பதனாலேயே அதைப் பற்றிய கவனம் ஆலைகளில் மெல்ல மெல்ல மங்கிவிடுகிறது என்பதும் உண்மை.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுக் குழுவின் 2008-ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு தொகுதி மாவிலிருந்து பத்துப் பத்து கிராமாக 30 மாதிரிகள் எடுத்து, ஒன்றிலேனும் குரோனோபேக்டர் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இருந்தால் தொகுதி முழுதும் தள்ளுபடி. கடுமையான விதியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் தொகுதி பத்து டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து கிராம் பங்குகள் பத்து லட்சம் உண்டு. ஆயிரத்துக்கு ஒரு பங்கில் கிருமி இருக்கிறதென்றால், கெட்ட பங்குகள் ஆயிரம். முப்பதே மாதிரிகளில் அவற்றுள் ஒன்றாவது அகப்படுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு மூன்று. மற்ற 97 முறையும் தொகுதி நற்சான்றிதழோடு வெளியேறிவிடும். நூற்றுக்கு ஒன்று என்று மாசு பத்து மடங்கு மிகுந்தாலுங்கூட, நான்கில் மூன்று தடவை சோதனை அதைத் தப்பவிடும்.

ஆகையால் விலைப்புள்ளி கோரும்போது, முடிந்த மாவின் சோதனைத் தாளைக் கேட்பதோடு நின்றுவிடாமல், ஆலையின் சுற்றுப்புறச் சோதனைப் பதிவேட்டையும் கேட்க வேண்டும். தரையின் மூலைகள், சாக்கடை வாய்கள், காற்று வடிகட்டிகள், தொழிலாளரின் காலணி மாற்றும் இடம், கோபுரத்தின் அடிக்கூம்பு ஆகிய இடங்களைப் பஞ்சால் துடைத்தெடுத்து வாராவாரம் செய்யும் சோதனை அது. பதிவேட்டைப் புரட்டும்போது ஓர் ஆண்டு முழுவதும் எங்கும் எதுவுமே அகப்படவில்லை என்று எழுதியிருந்தால், அதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. பெரிய ஆலையொன்றில் அவ்வாறு இருப்பது அரிது. அகப்படாத இடங்களையே பார்த்துத் துடைத்திருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருளாகும். வெளி வட்டத்தில் அவ்வப்போது அகப்பட்டு, ஒவ்வொரு தடவையும் நீர் எங்கிருந்து வந்தது என்று தேடி, குழாயையோ கூரையையோ சரிசெய்து, மறுபடி துடைத்துப் பார்த்து எழுதிவைத்திருக்கும் ஆலையே நம்பத்தக்கது. குற்றத்தை எழுதி வைத்தவனுக்கே விலைப்புள்ளியில் மதிப்பெண் கூட்டிக் கொடுப்பது நமது நிர்வாக மரபுக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் அப்படிக் கொடுக்காத வரையில் எந்த ஆலையும் தேடிக் கண்டுபிடிக்க மெனக்கெடாது.

கிருமி தவிர வேறு இரண்டு வகைக் கேடுகளும் உண்டு. ஒன்று வஞ்சனை. 2008-இல் சீனத்தில் சான்லூ கம்பெனியின் மாவாலும் வேறு பல கம்பெனிகளின் மாவாலும் ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்று, ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பாலில் தண்ணீரைக் கலந்த இடைத்தரகர்கள், புரதத்தின் அளவு குறைந்து தெரியாதிருக்க மெலமைன் என்னும் ரசாயனப் பொருளைச் சேர்த்தார்கள். அக்காலத்துச் சோதனை புரதத்தை நேரே அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தை ஊகிப்பது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனைச்சாலை சொன்னது பொய்யன்று. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விதான் வேறு. அந்தக் கலக்கத்தினால் சீனப் பெற்றோர் அயல்நாட்டு டப்பாக்களைத் தேடி அலைய, 2013-இல் ஹாங்காங் அரசாங்கம் ஊரைவிட்டுச் செல்பவர் இரண்டு டப்பாவுக்கு மேல் கொண்டுபோகக் கூடாதென்று தடை விதித்தது. ஓரிடத்துக் கலப்படம் வேறோரிடத்துத் தட்டுப்பாடாக முளைப்பது இவ்வாறுதான். மற்றொரு கேடு, வஞ்சனை ஏதுமின்றிச் சத்து ஒன்று விடுபட்டுப் போவது. 1978-இல் அமெரிக்காவில் சோயா மாவு ஒன்றிலிருந்து உப்பைக் குறைத்தபோது குளோரைடும் குறைந்து குழந்தைகள் நலிவுற்றார்கள். 1980-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது அதனால்தான். 2003-இல் இஸ்ரேலில் விற்பனையான சோயா மாவில் தயமின் என்னும் பி1 வைட்டமின் இல்லாது போய்ச் சிசுக்கள் மாண்டன. தயாரிப்பு முறையில் சிறிய மாறுதல் செய்தாலும், கொள்முதல் செய்பவருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, எல்லாச் சத்துக்களையும் வேறொரு சோதனைச்சாலையில் அளந்து காட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்துக்கொள்வது நலம்.

வீட்டில் செய்ய வேண்டியது

ஆலை எவ்வளவு நல்லதாயினும் மாவில் ஒன்றிரண்டு கிருமிகள் இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொண்டு வீட்டில் காரியம் செய்ய வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் 2007-இல் வகுத்த முறை இது: நீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, அரைமணிக்கு மேற்படாமல் ஆறவைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் மாவைக் கலக்க வேண்டும். அந்தச் சூடே மாவிலுள்ள கிருமியைக் கொல்லும் மருந்து. ஆறிய நீரில் மாவைக் கரைப்பவர்கள் அந்த மருந்தைக் கொட்டிவிட்டு, கிருமி பெருகுவதற்கு வேண்டிய வெதுவெதுப்பை மட்டும் கொடுக்கிறார்கள். அரை டம்ளர் நீர் அரைமணியில் மிகவும் ஆறிப்போகும் ஆதலால் ஒரு லிட்டராவது காய்ச்ச வேண்டும். இரவு வேளைக்கு, நல்ல பிளாஸ்க் ஒன்றில் கொதிநீரை நிரம்ப ஊற்றி இறுக மூடி வைத்துக்கொள்ளலாம். முதலில் புட்டியில் நீரை அளந்து ஊற்றி, பிறகு டப்பாவிலேயே வந்த கரண்டியால் மாவை எடுத்து, சுத்தமான கத்தியின் முதுகால் தலைதட்டிப் போடவேண்டும். மாவை முதலில் போட்டு மேலே நீரூற்றினால் அளவு தவறிவிடும். கலந்தபின் குழாய் நீரில் புட்டியைப் பிடித்து ஆறவைத்து, முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து ஊட்டலாம். இரண்டு மணி நேரத்துக்குள் குடியாது மிஞ்சியதைப் பாட்டிமார் எவ்வளவு மனம் நொந்தாலும் கீழே கொட்டிவிட வேண்டும். சில டப்பாக்களில் வெதுவெதுப்பான நீரே போதும் என்று அச்சிட்டிருப்பார்கள்; குறைமாதக் குழந்தைக்கும் இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் அதை நம்பாமல் டாக்டரைக் கேட்டுக்கொள்வதே உத்தமம். அத்தகைய குழந்தைகளுக்குத் திரவப் பால் கிடைக்குமானால் அதுவே முதல் தெரிவு.

டப்பாவின் மாவை அழகான எவர்சில்வர் சம்புடத்தில் மாற்றிவைப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். அதை விட்டுவிட வேண்டும். 2022-இல் அபாட் திரும்ப அழைத்த மாவை அடையாளம் கண்டுகொண்டது டப்பாவின் அடியிலிருந்த எண்ணை வைத்துத்தான்: முதல் இரண்டு இலக்கங்கள் 22 முதல் 37 வரை இருந்து, கே8, எஸ்எச், இசட்2 என்ற குறிகளுள் ஒன்று சேர்ந்திருந்து, காலாவதித் தேதி 2022 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால் அது திரும்ப அழைக்கப்பட்ட மாவு. டப்பாவை எறிந்துவிட்டுச் சம்புடத்தை வைத்திருந்தவருக்கு அந்த அறிவிப்பால் என்ன பயன்?

தட்டுப்பாடு வந்தால் மக்கள் செய்யத் துணியும் நான்கு காரியங்களை மருந்துக்கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லித் தடுக்க வேண்டும். மாவைக் குறைத்து நீரை மிகுத்துக் கொடுப்பது பட்டினியினும் கொடியது. இரத்தத்தில் சோடியம் குறைந்து குழந்தைக்கு வலிப்பு வரும். யாரோ சொன்ன பக்குவப்படி வீட்டிலேயே மாவு தயாரிப்பதும் வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பசும்பாலையோ, கூட்டுறவுச் சங்கத்தின் சாதாரணப் பால் பவுடரையோ டாக்டரின் உத்தரவின்றிக் கொடுக்கலாகாது. ஆட்டுப்பாலில் போலிக் அமிலம் போதாது. இவற்றுக்கு மாறாக, வேறு கம்பெனியின் சாதாரணப் பால்மாவுக்கு மாற்றிக்கொள்வதில் ஆபத்து ஒன்றுமில்லை. எல்லாமே ஏறக்குறைய ஒரே சத்து அளவுக்குக் கட்டுப்பட்டவை. இந்த உண்மையைத் தாய்மாருக்கு முன்கூட்டியே பதியவைத்திருந்தால், அலமாரியில் ஒரு பெயர் மறைந்த அன்று பாதிக் கலவரம் அடங்கிவிடும்.

கொள்முதலும் இருப்பும்

எந்த நிர்வாகத்துக்கும் முதல் இருப்பு தாய்மாரிடமே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. பிரசவ விடுதியில் முதல் நாளிலேயே டப்பாவைத் திறந்துவிடாதிருத்தல், பால் வற்றியவருக்கு மீண்டும் சுரக்கச் செய்ய உதவும் செவிலியர், குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கி ஆகியவை பால்மாவின் தேவையையே குறைக்கும். பம்பாய் சயான் மருத்துவமனையில் அத்தகைய வங்கி 1989-இலேயே தொடங்கிவிட்டது. 1992-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் பால்மாவுக்கு விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுத்திருப்பதும் இந்த நோக்கத்தினால்தான். வெள்ளம் பூகம்பம் முதலான காலங்களில் தர்மசிந்தையோடு வந்து குவியும் டப்பாக்களை எல்லோருக்கும் வாரிக் கொடுத்துவிடக் கூடாது. 2006-இல் ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா பூகம்பத்துக்குப் பின், இலவசப் பால்மாவு பெற்ற சிசுக்களுக்கு வயிற்றுப்போக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கண்டது. முன்பே புட்டிப்பாலில் வளரும் குழந்தைகளைக் கணக்கெடுத்து, எரிபொருளும் நல்ல நீரும் சேர்த்து, அவர்களுக்கு மட்டும் கொடுப்பதே சரி.

பிறகு கொள்முதல். விலைப்புள்ளியில் கம்பெனியின் பெயரைக் கேட்பதைவிட ஆலையின் பெயரைக் கேட்பது முக்கியம். வெவ்வேறு பெயர் தாங்கிய டப்பாக்கள் ஒரே கோபுரத்திலிருந்து இறங்குவது உண்டு. எந்த ஓர் ஆலையும் மாவட்டத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரலாகாது என்று வகுத்துக்கொண்டு, குறைந்த விலை கேட்டவருக்குப் பெரும்பங்கும் அடுத்தவர்களுக்குச் சிறுபங்குகளும் அளிக்கலாம். விலை சற்றுக் கூடும். அந்தக் கூடுதலை இன்ஷ்யூரன்ஸ் தவணையாகக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். கிடங்குக்கும் இதே விதி: 2024 ஜூலையில் இண்டியானா மாநிலத்து மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் சூறாவளி ஒரே ஒரு கிடங்கைச் சிதைத்ததனால், ஒவ்வாமையுள்ள குழந்தைகளுக்கான மாவு சில வாரங்கள் அருகிப் போயிற்று. நம் பக்கத்துக் கோடையில் தகரக் கூரைக்கு அடியில் அடுக்கிய டப்பாவில் வைட்டமின்கள் தேதிக்கு முன்பே குன்றிவிடும். குளுமையான கட்டடத்தில் இரண்டு மாத இருப்பை வைத்து, முந்திக் காலாவதியாவதை முந்தி வெளியேற்றிச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

மூலப்பொருளிலும் மாற்று வேண்டும். எருமைப்பாலில் சிசு உணவு தயாரிக்க இயலாதென்று மேனாட்டு நிபுணர்கள் கைவிரித்திருந்த 1950-களில், மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அதற்கு வழி கண்டது. ஆனந்திலுள்ள கைரா மாவட்டக் கூட்டுறவுச் சங்கம் அதை ஆலையில் நடத்திக் காட்டியது. அதுவரை கப்பலை எதிர்பார்த்திருந்த தேசத்துக்குத் தன் எருமைகளே போதும் என்றாயிற்று.

அவசர காலத்துக்கான உத்தரவுகளை அவசரம் வருமுன்பே எழுதிவைத்தல் வேண்டும். அமெரிக்காவில் ஆலை நின்றது பிப்ரவரியில். அயல்நாட்டு மாவுக்கு விதிகளைத் தளர்த்தும் அறிவிப்பு வந்தது மே மாத நடுவில். தீர்வையை நிறுத்தும் சட்டம் வந்தது ஜூலையில். எந்த அயல்நாட்டு ஆலைகளின் மாவு நமது விதிகளுக்கு ஒத்தது என்பதைச் சமாதான காலத்திலேயே பரிசோதித்து ஒரு பட்டியல் வைத்திருந்தால், அந்த ஐந்து மாதம் ஐந்து நாளாகும். ஒப்பந்தக் கம்பெனியால் தர இயலாத வாரத்தில் வேறு எந்த டப்பாவையும் அதற்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்ற ஷரத்தும் ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும். திரும்ப அழைக்கும் ஏற்பாட்டில் கடைசிக் கண்ணி கடையின் கல்லாப்பெட்டி: 2017 டிசம்பரில் பிரான்சு தேசத்து லாக்டாலிஸ் கம்பெனியின் கிராவோன் ஆலை மாவில் சால்மொனெல்லா என்னும் கிருமியைக் கண்டு, 83 நாடுகளிலிருந்து 120 லட்சம் டப்பாக்களை மீட்க நேர்ந்தபோது, தடை வந்த பின்னும் பெயர் பெற்ற பெருங்கடைகளில் அவை விற்றுக்கொண்டிருந்தன. தொகுதி எண்ணைக் கணிப்பொறியில் ஏற்றி, அந்த எண்ணுக்குப் பில் போடாதபடி தடுத்துவிடுவதே இதற்குத் தக்க பரிகாரம். சிறிய கடையில் கணிப்பொறி இல்லையென்றால் வாங்கியவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தொகுதி எண்ணோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம்.

எல்லாவற்றிலும் முந்திக் கவனிக்க வேண்டியவர்கள், வேறு எந்த மாவையும் ஏற்காத குழந்தைகள். பால் புரதமே ஒவ்வாதவர்களும், பிறவியிலேயே சில அமினோ அமிலங்களை உடலில் மாற்றிக்கொள்ள இயலாதவர்களும் எண்ணிக்கையில் சொற்பம். அவர்களுக்கான மாவுகளை உலகில் செய்யும் ஆலைகளும் சொற்பம். ஸ்டர்ஜிஸ் அத்தகைய ஆலைகளுள் ஒன்று. ஆகவேதான் ஆலை மூடியிருந்த காலத்திலும், கையிருப்பிலிருந்த அவ்வகை மாவை டாக்டரின் கோரிக்கையின் பேரில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே அளிக்க அனுமதித்தார்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையும் இத்தகைய குழந்தைகளின் பெயர், வயது, மாவின் பெயர், மாதத் தேவை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் வைத்து, அவர்களுக்கு மட்டும் மூன்று மாத இருப்பைத் தனியே பூட்டிவைப்பது அவசியம். பொதுப் பட்டியலில் குழந்தைக்கு ஒரு வயது நிறைந்ததும் பெயரை நீக்கிவிடுவது வழக்கம். இந்தப் பதிவேட்டில் அவ்வாறு செய்யலாகாது. பீனைல்கீட்டோனூரியா என்னும் அத்தகைய பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அதற்குரிய மாவு பள்ளிக்குச் செல்லும் வயதிலும், அதற்கு அப்பாலும் வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடையைப் பார்த்துத் தேவையின் அளவைத் திருத்தி எழுதினால் போதும்.